எட்டுத் தட்டு

“இந்தப் படத்துல இருக்கிறவங்க ஒருத்தர்கூட ஏன் சிரிக்கலை, சொல்லு பார்ப்போம்?”

வேலைக்குச் சேர வந்த அன்று ஷகிலா பானு மேடம் சுவரைக் காட்டி என்னிடம் கேட்டார். முட்டை வடிவச் சட்டத்துக்குள் ஸ்ரீ மதனகோகில நாடக சபாவின் பழைய படம் மாட்டியிருந்தது. எனக்கு விடை தெரியும். அந்தக் காலத்துக் கேமராவுக்கு முன்னால் எட்டு நொடி ஆடாமல் நிற்க வேண்டும். ஒரு சிரிப்பை எட்டு நொடி பிடித்து வைத்தால் அது பல்வலி மாதிரி ஆகிவிடும். இவ்வளவும் தொண்டை வரை வந்தது. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

“பேசாத ஆள்தான் எனக்கு வேணும். நாளைக்கே வந்துடு நிறைமதி,” என்றார் மேடம்.

பத்தாம் வகுப்பில் பாதியில் நின்றவள் நான். பாடத்தை எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொன்னபோது ஒரு நாள் குரல் வராமல் போனது. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் நானே போகவில்லை. சொல்ல முடியாததையெல்லாம் நோட்டில் எழுதி ஒளித்து வைப்பது அப்போதிருந்து பழக்கம். அன்றைக்கு அந்தப் பல்வலி விடையை எழுதினேன். அது தப்பான விடை என்று தெரிய ஒரு வருடம் ஆனது.

பழைய படங்களைப் பிரித்துப் பார்க்கும் எங்கள் கூடம் மதுரை தல்லாகுளத்தில் ஒரு மாடியில் இருக்கிறது. கீழே தையல் கடை. மேலே, நாங்கள் ‘அவிழ்ப்பான்’ என்று கூப்பிடும் இயந்திரம். ஒரு வாஷிங் மெஷின் உயரம்தான் இருக்கும். ஆனால் அதற்குள் போய் வந்த படங்களால் உடைந்த வீடுகள் உண்டு. ஒரு கல்யாணப் படத்தில், ஊருக்கே நல்லவர் என்று பெயர் வாங்கிய மாப்பிள்ளை, எட்டு நொடிக்குள் மூன்று தடவை பெண்ணின் கையைக் கிள்ளினார். பார்க்க வந்திருந்த பேரன்கள் அவர் பெயரை வீட்டு வாசலிலிருந்து பெயர்த்தெடுத்தார்கள். அதற்குப் பிறகுதான், ‘என்ன தெரிந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதி வாங்க ஆரம்பித்தோம்.

பாண்டிச்செல்வி அந்தத் தாளைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டாள்.

அவள் படியேறி வரும்போதே குரல் வந்துவிட்டது. “யாத்தே, என்னா படி! லிஃப்டு வச்சா செத்தா போயிருவீக?” அறுபது வயது தாண்டியவள், டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். இடுப்பில் பழைய சேலையில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கைப்பிள்ளை மாதிரி வைத்திருந்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, “உட்காருங்கம்மா,” என்று முணுமுணுத்தேன்.

“அம்மாவா? அக்கான்னு கூப்புடு. இன்னொரு தடவை அம்மான்னா அடுத்த ஸ்டாப்புல எறக்கி விட்ருவேன்.”

பொட்டலத்தை அவிழ்த்தாள். உள்ளே ஒரு கண்ணாடித் தகடு. மேடம் அடியில் கறுப்புத் துணியை விரித்ததும் அதில் முகங்கள் எழுந்தன. நான் சுவரைத் திரும்பிப் பார்த்தேன். மறுபடி கண்ணாடியைப் பார்த்தேன். அதே சபா! அதே பதினோரு முகங்கள்! நூறு வருடத்துக்கு முன்னால் கேமராவுக்குள் இருந்த அதே கண்ணாடி. ஊரெல்லாம் மாட்டியிருக்கும் முட்டை வடிவப் படங்கள் எல்லாம் இதிலிருந்து பிறந்தவை.

“எப்படிக்கா உங்ககிட்ட?” என்றார் மேடம்.

“போட்டாக்காரர் வீட்டுல சாமான் ஏலம் விட்டாக. கண்ணாடியைப் பூராவும் பழைய சன்னலுக்குன்னு ஒருத்தன் தூக்கிட்டுப் போயிட்டிருந்தான். ஓரத்துல பாத்தேன், எங்க குஞ்சரம். விட்ருவனா?”

அவள் விரல் வைத்த இடம் வலது ஓரம். சுவரில் உள்ள படத்திலும் அந்த ஓரத்தில் ஒரு கலங்கல் உண்டு. தலை இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி, பன்னிரண்டாவதாக ஓர் ஆள். சபாவின் விழா மலரில் அதற்கு ஒரு குறிப்பு போட்டிருப்பார்கள்: ‘வலது ஓரத்தில் கலங்கித் தெரிவது குஞ்சரம். படம் எடுக்கும்போது நிற்காமல் ஓடியவர். அடுத்த மாதம் சபாவை விட்டும் ஓடினார்.’

“குஞ்சரம் எங்கம்மாவுக்குப் பெரியம்மா,” என்றாள் பாண்டிச்செல்வி. “எங்கம்மாவைத் தூக்கி வளத்தது அதுதான். அந்தப் பொஸ்தகத்தைக் காட்டிக் காட்டியே எங்கம்மாவைப் பொண்ணு பாக்க வந்தவுக ரெண்டு தடவை எந்திரிச்சுப் போனாக. நின்ன எடத்துல நிக்காத வம்சமாம். நான் முப்பத்திரண்டு வருசம் பஸ்ஸுல நின்னேன் மேடம், ஒக்காந்ததே கெடையாது. அப்பவும் சொன்னாய்ங்க, பாத்தியா, ஓடுற வண்டியில ஏறிட்டான்னு!”

அவளே சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தாமலே கேட்டாள்: “அது நெசமாவே ஓடுச்சான்னு உங்க மெஷினு சொல்லுமா?”

மேடம் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். “போட்டோன்னா ஒரு நொடின்னு நினைக்கிறோம். இது எட்டு நொடி. சேலையை மடிக்கிற மாதிரி எட்டு நொடியும் ஒண்ணுமேல ஒண்ணு மடிஞ்சு கிடக்கு. இதுல இருக்கிற வெள்ளித் துகள்ல முதல் நொடி வெளிச்சம் பட்டது எது, கடைசி நொடி வெளிச்சம் பட்டது எதுன்னு அவிழ்ப்பானுக்குத் தெரியும். வரிசையாப் பிரிச்சா, ஆள் அசையறது தெரியும். சத்தம் வராது.”

“அப்பப் பிரிச்சிருங்க.”

“இருங்க. ஒரு கண்ணாடிக்கு ஒரே ஒரு தடவைதான். அதுவும் ஒரு தபால்தலை அளவுதான். சூடு பரவுறதுல மத்த இடத்து வரிசையெல்லாம் குலைஞ்சுடும். படம் இருக்கும், நேரம் போயிடும். பிரிச்ச இடமும் சுத்தி ஒரு விரல் அகலமும் வழிச்சுவிட்ட மாதிரி வெறும் கண்ணாடியாகிடும். நகல் எடுத்து வச்சுக்கலாம். ஆனா நகல்ல நேரம் இருக்காது.”

“அப்ப ஒரு டிக்கெட்டுதான்,” என்றாள் பாண்டிச்செல்வி.

“ஒரு டிக்கெட்டுதான். அதை யாருக்குக் கிழிக்கிறதுன்னு யோசிங்க. நடுவுல நிக்கிறவர் ராஜபார்ட் அருணகிரி. அவருக்கு நினைவு மண்டபம் திறக்கப் போறாங்க. இந்தக் கண்ணாடி கிடைச்சதுன்னு தெரிஞ்சா, அவர் கண் சிமிட்டுறதைப் பாக்க ஊரே வரும்.”

ஊர் அதற்குள் தெரிந்துகொண்டது. மறுநாள் காலையிலேயே மண்டபக் குழுத் தலைவர் போனில் வந்தார். மேடம் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். “ஓடிப்போன ஒருத்திக்காக ராஜபார்ட்டை அழிக்கிறதா?” என்பது எனக்கே கேட்டது.

கண்ணாடியின் ஈரம் போக உலர்பெட்டியில் பத்து நாள் வைத்திருக்க வேண்டும். அந்தப் பத்து நாள்தான் என் வாழ்க்கையிலேயே நான் அதிகம் கூத்தாடிய நாட்கள். வெளியே தெரியாமல்தான். பெட்டிக்கு ஒரு பார்வைச் சன்னல் உண்டு. துடைக்கிற சாக்கில் ஒரு நாளைக்கு இருபது தடவை போய்ப் பார்ப்பேன். ராஜபார்ட் ஒரு காலை முக்காலியில் ஊன்றி நிற்கிறார். கிரீடத்தில் ஒரு கல் விழுந்த பள்ளம். ஆர்மோனியக்காரர் பெட்டியை மடியில் கட்டிப் பிடித்திருக்கிறார், யாரோ பறிக்க வருவதைப் போல. பெண் வேடக்காரர் சேலை முந்தானையை இரண்டு விரலால் பிடித்திருக்கும் அழகை எங்கள் தெருவில் ஒரு பெண்ணிடமும் நான் பார்த்ததில்லை. பபூன் கட்டம் போட்ட கால்சட்டையில், பதினோரு பேரிலும் அதிக சோகமாக நிற்கிறார். பின்னால் அரண்மனைத் திரை, தூணின் நடுவில் ஒரு மடிப்பு. அவர்கள் எல்லோரும் மூச்சு விட்டவர்கள், இந்த வெளிச்சம் அவர்கள் மேல் பட்டுத் திரும்பி வந்த வெளிச்சம் என்று நினைத்ததும், துடைத்த சன்னலையே மறுபடி துடைப்பேன்.

நோட்டில் எழுதி எழுதிப் பக்கம் தீர்ந்தது. நான்காம் நாள் எழுதியது: ‘ராஜபார்ட் கேமராவைப் பார்க்கவில்லை. கண் கொஞ்சம் வலது பக்கம். பபூனும் அப்படியே. ஆர்மோனியக்காரரும்.’ ஆறாம் நாள்: ‘ஒரு நாய் இருக்கிறது! முக்காலிக்குக் கீழே. முட்டைச் சட்டம் அதை மறைத்துவிட்டது. உடம்பு தெளிவு. வால் மட்டும் விசிறி.’

பாண்டிச்செல்வியும் தினமும் வருவாள். நாற்காலியில் உட்கார மாட்டாள், சுவரில் சாய்ந்து நிற்பாள். பேச்சு பேச்சுதான். வாய் பேச, அவளுடைய வலது கை தன்பாட்டுக்குத் தொடையில் தட்டிக்கொண்டே இருக்கும். உள்ளங்கையால் ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல். மறுபடி உள்ளங்கை, புறங்கை, உள்ளங்கை, புறங்கை. அது முடிந்ததும் ஒரு சின்ன நிறுத்தம்.

நான் அதையே பார்ப்பதைக் கண்டுவிட்டாள். “என்னா பாக்குற? கண்டக்டர் பழக்கம் பாப்பா. ஸ்டாப்புல இம்புட்டுத் தட்டு, அப்புறம் விசில். மத்த கண்டக்டரெல்லாம் வாட்ச்சப் பாப்பாக. எனக்குக் கை போதும். எங்கம்மா முட்டை அவிக்கையில இதைத்தான் தட்டும். அதுக்குக் கடிகாரம் பாக்கத் தெரியாது.”

அன்று எட்டாம் நாள். அவள் போன பிறகு நான் சன்னலுக்குப் போய்க் குஞ்சரத்தைப் பார்த்தேன். தலை புகை. சரி. கீழே வந்தேன். சேலைக் கரை தெளிவு. அதற்கும் கீழே முட்டைச் சட்டம் இத்தனை வருடம் யாருக்கும் காட்டாத இடம். இரண்டு பாதங்கள். பத்து விரல்களும் எண்ணக்கூடிய அளவு தெளிவாக, தரையில் ஊன்றி நின்றன. தொடைப் பக்கத்தில் கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விசிறி. நாயின் வாலைப் போலவே ஒரு விசிறி.

எனக்கு ஓடிப்போய் மேடத்தை உலுக்க வேண்டும் போல இருந்தது. உலுக்கவில்லை. நோட்டில் எழுதினேன். பேனா தாளைக் கிழித்தது.

பத்தாம் நாள் மதியம் கண்ணாடி மேஜைக்கு வந்தது. அவிழ்ப்பானின் குறிச்சட்டம் தபால்தலை அளவு வெளிச்சமாக அதன் மேல் விழுந்தது. அதை நகர்த்தும் குமிழ் என் கையில்.

“கடைசியா ஒரு தடவை கேக்கிறேன்,” என்றார் மேடம். “ராஜபார்ட் வேண்டாமா? இருபதாயிரம் பேர் பாக்க நினைக்கிற முகம் அது.”

“அவரை அம்புட்டுப் பேரும் பாத்துக்கிட்டேதான இருக்காக? குஞ்சரத்தை ஒருத்தரும் பாக்கலை. எனக்கு அதுதான் வேணும்.”

“ஓடினது உண்மையா இருந்தா? அதையும் இந்த ஸ்க்ரீன்லதான் பாப்பீங்க. அப்புறம் மலர்ல போட்டது பொய்னு நினைச்சுக்கக்கூட முடியாது. நம்பிக்கையாவது மிச்சம் இருக்கட்டுமே, அக்கா.”

பாண்டிச்செல்வியின் கை தொடையில் நின்றுவிட்டது.

“முகத்துல வை, மதி,” என்றார் மேடம் என்னிடம்.

நான் குமிழைத் தொடவில்லை. வாசிக்க எழுந்து நின்ற அதே வகுப்பறை மறுபடி என்னைச் சுற்றி வந்து உட்கார்ந்தது. இப்போது பேசாவிட்டால் நோட்டில் எழுதலாம். எழுதி என்ன? கண்ணாடி ஒன்றுதான் இருக்கிறது.

“நாய் வாலை ஆட்டியிருக்கு,” என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“நாயும் கலங்கித்தான் இருக்கு. நாய் ஓடிருச்சுன்னு யாருமே சொல்லலையே!” குரல் கீச்சென்று வந்தது, ஆனால் வந்தது. “அவங்க காலைப் பாருங்க. ஓடினா பாதம் இப்படித் தெளிவா விழுமா? தலையும் கையும் மட்டும்தான் ஆடுது. கை ஏதோ செய்யுது. முகத்துல வச்சா முகம் தெரியும். கையில வச்சாத்தான் ஏன்னு தெரியும். ரெண்டும் ஒரே சட்டத்துல அடங்காது.”

“ஆத்தி,” என்றாள் பாண்டிச்செல்வி. “இந்தப் புள்ளைக்கு வாய் இருக்கு!”

மேடம் குனிந்து பாதங்களைப் பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தார். “நான் வருஷக்கணக்கா சுவத்துல மாட்டி வச்சிருக்கேன். பாதமே கிடையாதுன்னு நினைச்சேன்.” பிறகு மெதுவாகச் சொன்னார்: “ஆனா கைன்னு முடிவு பண்ணினா முகம் போச்சு, அக்கா. கை ஆடுற இடம் மேல வரைக்கும் இருக்கு, சட்டத்தை உயர்த்தித்தான் வைக்கணும். சுத்தி ஒரு விரல் அகலம் வழிஞ்சிடும்னு சொன்னேன்ல, அதுக்குள்ள தலையும் வருது. குஞ்சரத்தோட முகத்தை இனி யாரும், எப்பவும் பாக்க முடியாது.”

“வேற போட்டா கெடையாது,” என்றாள் பாண்டிச்செல்வி. தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

கீழே தையல் கடையில் ஒரு மிஷின் ஓடி நின்றது.

“மூஞ்சி எங்கிட்ட இருக்கு,” என்றாள். “எங்கம்மா சொல்லும், அப்படியே குஞ்சரத்தை உரிச்சு வச்சிருக்கன்னு. இந்த மூஞ்சியைத்தான முப்பத்திரண்டு வருசமா மதுரையே பாத்துச்சு! கையில வை தாயி.”

வைத்தேன்.

அவிழ்ப்பான் தேன்கூடு மாதிரி ரீங்கரித்தது. சுவர்த் திரையில் முதலில் சாம்பல் நிறக் கொதிப்பு. அதிலிருந்து ஒரு கை திரண்டு வந்தது. மெலிந்த கை, கண்ணாடி வளையல் மூன்று, மணிக்கட்டில் ஒரு தழும்பு. நூறு வருடம் புகையாக இருந்த கைக்கு நகம் முளைப்பதைப் பார்த்தேன்! நான் மேடத்தின் முழங்கையைப் பிடித்திருந்தேன் என்று பிறகுதான் தெரிந்தது.

கை தொடையில் தட்டியது. உள்ளங்கை.

சுண்டுவிரல்.

மோதிர விரல்.

நடுவிரல்.

எனக்குப் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. பாண்டிச்செல்வியின் கை அவளைக் கேட்காமலே தொடையில் சேர்ந்துகொண்டது. திரையில் உள்ளங்கை, இங்கே உள்ளங்கை. திரையில் புறங்கை, இங்கே புறங்கை. ஒரு மயிரிழை முந்தவில்லை, பிந்தவில்லை. எட்டாவது தட்டு முடிந்ததும் திரையில் அந்தக் கை மேலே எழுந்து, கேமராவைப் பார்த்து விரிந்தது. போதும், மூடு என்பது போல. அத்தோடு திரை இருண்டது.

“தாளம்,” என்றார் மேடம். “யா அல்லா, அவங்க தாளம் போட்டிருக்காங்க. அந்தப் போட்டோகிராபர் கடிகாரம் வச்சுக்கலை. எட்டு எண்ணிச் சொல்ல, தப்பாத கை ஒண்ணு வேணும்னு கேட்டிருக்கான். சபாவுல இருக்கிறதுலயே தப்பாத கை இவங்களோடதுதான். பாடிக்கிட்டே போட்டிருப்பாங்க, அதான் தலையும் ஆடியிருக்கு.”

“எண்ணுறவ ஆடினா படத்துல கலங்கிருவான்னு ஒருத்தருக்கும் தோணலை,” என்றேன் நான். இரண்டாவது தடவையாக, யாரும் கேட்காமலே. “மத்தவங்க எல்லாரும் ஆடாம நின்னது இவங்க தாளத்துக்குத்தான். அதான் ராஜபார்ட் கண்ணு வலது பக்கம் இருக்கு. எல்லாரும் இவங்களைத்தான் பாக்குறாங்க. மேடம், நீங்க என்கிட்ட ஒண்ணு கேட்டீங்களே, ஏன் சிரிக்கலைன்னு. அவங்க கேட்டுக்கிட்டு இருக்காங்க மேடம். நல்ல பாட்டு கேக்கையில யார் சிரிப்பா?”

மேடம் சுவரிலிருந்த முட்டைச் சட்டத்தைக் கழற்றி மேஜையில் கவிழ்த்து வைத்தார். மலர் அச்சடித்தவர்களுக்கு இன்றைக்கே எழுத வேண்டும் என்றார். குஞ்சரம் அடுத்த மாதம் ஏன் சபாவை விட்டுப் போனாள் என்பது அந்தக் கையில் இல்லை. அது இனிமேலும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்த எட்டு நொடியில் அவள் எங்கேயும் போகவில்லை.

கண்ணாடி ஆறியதும் நான் அதை இரண்டு கையாலும் எடுத்தேன். வலது ஓரத்தில், குஞ்சரம் நின்ற இடம் கழுவிவிட்டது போல இருந்தது. மீதி எல்லோரும் அப்படியே. பாதங்களும் அப்படியே. தூசி பார்க்கச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்தபோது, எதிரில் மேஜைக்கு அந்தப் பக்கம் பாண்டிச்செல்வி தன் கறுப்புச் சேலையில் நின்றிருந்தாள். அந்தக் கறுப்பின் மேல் பதினோரு பேரும் பளிச்சென்று எழுந்தார்கள். தெளிந்து போன இடத்தில் அவள் முகம் வந்து நின்றது. ராஜபார்ட்டின் கண் போகும் வலது ஓரத்தில், பபூனின் வரிசையில். சரியாக அந்தப் பாதங்களுக்கு நேராக.

“அக்கா, ஆடாதீங்க! அப்படியே நில்லுங்க!” என்று கத்திவிட்டேன். மேடம் ஓடிவந்து என் தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

பன்னிரண்டு பேர். ஒருவரும் சிரிக்கவில்லை.

பாண்டிச்செல்வி நின்றாள். நாங்கள் என்ன பார்க்கிறோம் என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். வாயைத் திறந்தாள். அவளிடம் எப்போதும் ஒரு கேலி இருக்கும், அது வரப்போகிறது என்று காத்திருந்தேன். காற்றுதான் வந்தது. அந்தக் காற்றை எனக்கு நன்றாகத் தெரியும்.

கண்ணாடியை வாங்கிப் பழைய சேலையில் சுற்றினாள். இடுப்பில் வைத்துக்கொண்டாள். வாசல் வரை போய், நிலையில் கை வைத்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அந்தக் கை மரத்தில் தட்டியது. உள்ளங்கை, சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல். உள்ளங்கை, புறங்கை, உள்ளங்கை, புறங்கை.

பிறகு விசில் இல்லாமல், ஒரு வார்த்தையும் இல்லாமல், படியிறங்கிப் போனாள்.